கட்ட மாட்டோம்

1971இல் வடக்கு சிட்னியில் ஓர் அலுவலகக் கட்டடம் பாதி எழும்பி நின்றது. ஏ.வி. ஜென்னிங்ஸ் என்ற பெரிய கட்டுமான நிறுவனத்தின் வேலை அது. அங்கே வேலை பார்த்தவர்கள் ஒருநாள் கூட்டம் போட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். கூலி பற்றியதல்ல, பாதுகாப்பு பற்றியதும் அல்ல. ஹன்டர்ஸ் ஹில் என்ற வேறொரு பகுதியில், ஆற்றங்கரையில் மிச்சமிருந்த ஒரு சின்னக் காட்டைப் பற்றியது. அதே நிறுவனம் அந்தக் காட்டை அழித்துச் சொகுசு வீடுகள் கட்ட இருந்தது. சங்கத்துக்காரர்கள் மறுத்தால் சங்கத்தில் இல்லாத ஆட்களை இறக்கி வேலையை முடித்துவிடுவோம் என்றது. தீர்மானத்தின் சுருக்கம் இதுதான்: அங்கே ஒரு மரம் விழுந்தால், இந்தக் கட்டடம் இப்படியே அரைகுறையாக நிற்கும், அந்தக் காட்டுக்கு நினைவுச்சின்னமாக என்றைக்கும் நிற்கும்.

அந்தக் காடு விழவில்லை. கெல்லீஸ் புஷ் என்று பெயர். இன்றைக்கும் இருக்கிறது.

சம்பளம் கூட்டிக் கேட்கச் சங்கம் வேண்டும் என்பதை முதலாளிகூட முனகிக்கொண்டே ஒப்புக்கொள்வார். ஆனால் ‘இதை நாங்கள் கட்ட மாட்டோம், ஏனென்றால் இது கட்டப்படக் கூடாத ஒன்று’ என்று ஒரு தொழிலாளி சொன்னால்? நிலத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். வரைபடம் போட ஆர்க்கிடெக்ட் இருக்கிறார். அனுமதி கொடுக்க அரசாங்கம் இருக்கிறது. கலவை தூக்குகிறவனிடம் யார் கருத்து கேட்டது? நடுவில் நீ யாரப்பா?

இந்த ‘நீ யாரப்பா’ என்ற கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொன்னவரின் வாழ்க்கையோடு சேர்த்துத்தான் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

ஜாக் மன்டி 1929இல் குயின்ஸ்லாந்தின் வடக்கே மலாண்டா என்ற ஊரில் பிறந்தார். ஆறு வயதில் அம்மா இறந்துபோனார். பத்தொன்பது வயதில் சிட்னிக்கு வந்தது புரட்சி செய்ய இல்லை, பரமட்டா அணிக்கு ரக்பி விளையாட. விளையாட்டு சோறு போடவில்லை. கட்டட வேலைக்குப் போனார். 1950களில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1968இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரானார்.

அது எப்படிப்பட்ட சங்கம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தச்சர், பிளம்பர், கொத்தனார் போன்ற முறையாகத் தொழில் கற்றவர்களுக்குத் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. இவர்கள் அதற்கும் கீழே. மண் தோண்டுகிறவர்கள், கான்கிரீட் கொட்டுகிறவர்கள், சாரம் கட்டுகிறவர்கள், பழைய கட்டடத்தை இடிக்கிறவர்கள். நம்மூர் வழக்கில் பெரியாள், சித்தாள். கிரேன் தூக்கும் சுமையின் மேலேயே ஏறி நின்று, கையசைத்துச் சைகை காட்டிக்கொண்டே பல மாடி உயரம் போகிற வேலையும் இவர்களுடையதுதான். சைட்டில் ஒழுங்கான கழிப்பறை கிடையாது, உடை மாற்ற இடம் கிடையாது. இவர்கள் பேரில் இருந்த பழைய சங்கமும் ஒருகாலத்தில் அடியாட்கள் கையில் கிடந்தது. 1960களின் தொடக்கத்தில்தான் சாதாரண உறுப்பினர்கள் அதை மீட்டெடுத்தார்கள்.

1970இல் ஐந்து வாரம் வேலைநிறுத்தம். கருங்காலிகளை வைத்துக் கட்டிய சுவர்களைத் தொழிலாளர்கள் கூட்டமாகப் போய் இடித்தார்கள். இதை மறைத்துவிட்டு மன்டியை மரம் வளர்த்த மகான் ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சாது இல்லை. ஆனால் அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, இதுவரை ‘நீங்க போனா இன்னொருத்தன் வருவான்’ என்ற நிலையில் இருந்தவர்கள், சிட்னியில் தாங்கள் இல்லாமல் ஒரு கட்டடமும் எழும்பாது என்று கண்டுகொண்டார்கள். கட்டுமானம் அமோகமாக நடந்த காலம் அது. நகரமெங்கும் கிரேன்கள். பலம் கைக்கு வந்துவிட்டது. வந்த பலத்தை என்ன செய்வது?

அப்போதுதான் அந்தப் பதின்மூன்று பெண்கள் வந்தார்கள்.

ஹன்டர்ஸ் ஹில் வசதியானவர்கள் வாழும் பகுதி. சுமார் 5 ஹெக்டேர் காட்டைக் காப்பாற்ற அந்தப் பெண்கள் நகரசபையிலிருந்து மாநில முதல்வர் வரை எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் தொழிற்சங்கத்திடம் வந்தார்கள். சங்கத்தில் இது சும்மா ஏற்கப்பட்டுவிடவில்லை. அந்தப் பகுதியில் ஒரு பெரியாளால் வாடகைக்குக்கூட வீடு எடுக்க முடியாது. அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து மரம் தெரிவதற்காக நம் ஆட்கள் ஏன் வேலையை விட வேண்டும்? நியாயமான கேள்விதான். மன்டி சொன்னது ஏறக்குறைய இப்படி: கூலியை உயர்த்தி வாங்கிக்கொண்டு போய், மூச்சுவிட இடமில்லாத ஊரில் வாழ்வதில் என்ன பிரயோஜனம்? ஆனால் அவர் உடனே தலையாட்டவும் இல்லை. முதலில் நீங்கள் ஒரு பொதுக்கூட்டம் போடுங்கள், உங்கள் பகுதி மக்கள் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள் என்று காட்டுங்கள் என்றது சங்கம். 600 பேர் வந்தார்கள். அதன் பிறகே தடை.

தொழிற்சங்கங்கள் ஒரு வேலையைப் புறக்கணிப்பதற்கு ஆஸ்திரேலியாவில் ‘கறுப்புத் தடை’ என்று பெயர். மன்டி இதைப் ‘பசுமைத் தடை’ என்றார். 1975க்குள் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட தடைகள். நிறுத்தப்பட்ட திட்டங்களின் மதிப்பு அன்றைய கணக்கில் சுமார் 300 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்பார்கள். ஓபரா ஹவுஸுக்குக் கார் நிறுத்துமிடம் தோண்டுவதற்காகத் தாவரவியல் பூங்காவின் பெரிய அத்தி மரங்களை வெட்ட இருந்தது நின்றது. சென்டெனியல் பூங்காவில் வரவிருந்த விளையாட்டரங்கம் நின்றது. அந்தப் போராட்ட மேடையில் மன்டியோடு பேசியவர் நாவலாசிரியர் பாட்ரிக் வைட். அடுத்த ஆண்டு நோபல் வாங்கப்போகிறவர், பொது மேடை என்றாலே கூச்சப்படுகிறவர். அவருடைய வீடும் அந்தத் திட்டத்தில் போக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரத்துக்காக மட்டும் அவர் வரவில்லை.

*

என் அப்பா கொத்தனார். நாற்பது வருஷம் கரண்டி பிடித்த கை. ஒருமுறை அவரோடு பஸ்ஸில் போகும்போது, அவர் வேலை பார்த்த ஒரு குடியிருப்பைக் கடந்தோம். மழை விட்டு மூன்று நாளாகியும் வாசலில் தண்ணீர் நின்றது.

“இது கண்மாய்தானப்பா முன்னாடி?”

“கண்மாயேதான். அஸ்திவாரம் தோண்டுனா களிமண்ணும் நத்தக்கூடுமா வந்துச்சு.”

“தெரிஞ்சேவா கட்டுனீங்க?”

“நான் கட்டலன்னா இன்னொரு கொத்தனார் கட்டப்போறான். கண்மாய் எப்படியும் போயிரும். அன்னைக்குக் கூலி எனக்கா அவனுக்கா, அவ்வளவுதான தம்பி வித்தியாசம்?”

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது கணக்குப்படி சரி. நான் விலகினால் விளைவு மாறாது. என் வீட்டில் உலை கொதிக்காது என்பது மட்டும்தான் மாறும். உலகத்தில் மோசமான வேலைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன என்று தோன்றுகிறது. ஆயுதத் தொழிற்சாலையிலும் இதைச் சொல்கிறார்கள், விளம்பர நிறுவனத்திலும் சொல்கிறார்கள், மென்பொருள் கம்பெனியிலும் சொல்கிறார்கள்.

தத்துவத்தில் இதற்கு ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1973இல், சிட்னியில் பசுமைத் தடைகள் உச்சத்தில் இருந்த அதே ஆண்டில், பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதியும் ஆஸ்திரேலியாவில் பேராசிரியராக இருந்த ஜே.ஜே.சி. ஸ்மார்ட்டும் பயன்வாதத்தை எதிர்த்தும் ஆதரித்தும் எழுதிய ஒரு புத்தகம் வந்தது. அதில் வில்லியம்ஸ் ஜார்ஜ் என்றொரு வேதியியலாளரைக் கற்பனை செய்கிறார். வேலை கிடைக்கவில்லை, உடம்பும் சரியில்லை, சின்னக் குழந்தைகள். ரசாயன, உயிரியல் ஆயுத ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலை வருகிறது. ஜார்ஜுக்கு அந்தப் போர்முறையே ஆகாது. ஆனால் அவர் மறுத்தால் அந்த இடத்துக்கு வரப்போகிறவர் இந்த வேலையில் ரொம்ப ஆர்வமானவர். விளைவுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் ஜார்ஜ் வேலையில் சேர்வதுதான் நல்லது. அப்படியென்றால் அவருடைய நம்பிக்கைகளுக்கு, இத்தனை வருஷம் அவர் எதுவாக வாழ்ந்தாரோ அதற்கு, ஒரு மதிப்பும் இல்லையா என்று கேட்கிறார் வில்லியம்ஸ்.

நல்ல கேள்வி. ஆனால் ஜார்ஜைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். ஜார்ஜ் ஏன் தனியாக இருக்கிறார்? அவரைப் போன்ற வேதியியலாளர்கள் வேறு யாருமே இல்லையா? ‘நான் இல்லாவிட்டால் இன்னொருவர்’ என்ற வாக்கியம் இயற்கை விதியா என்ன? அது ஆட்களைத் தனித்தனியாக நிறுத்தி வைத்திருக்கும் ஒரு ஏற்பாட்டின் விளைவு. அந்த இன்னொருவரும் மறுத்துவிட்டால் அது பொய்யாகிவிடுகிறது. சங்கம் என்பது அந்த வாக்கியத்தைப் பொய்யாக்குவதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழி.

மன்டியின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். மனசாட்சி தனிமனிதனின் நெஞ்சுக்குள் இருக்கும் விஷயம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் அப்பாவுக்கு நெஞ்சு இருந்தது. நத்தைக்கூட்டை அவர் மறக்கவில்லை. அவருக்கு இல்லாமல் போனது பக்கத்து சைட்டில் அதே நேரத்தில் கரண்டியைக் கீழே வைக்கிற இன்னொரு கொத்தனார்.

*

சரி, ஒரு கூட்டத்தின் கையில் மறுக்கிற சக்தி வந்துவிட்டது. அது நல்லதையே மறுக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆஸ்திரேலியத் தொழிற்சங்க வரலாற்றிலேயே இரண்டு பக்கமும் உண்டு. 1938இல் போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர்கள் ஜப்பானுக்குப் போகும் இரும்பை ஏற்ற மறுத்தார்கள். அது சீன மக்கள் மேல் குண்டாக விழும் என்றார்கள். 1945இல் இந்தோனேசியாவை மறுபடி பிடிக்கப் போகும் டச்சுக் கப்பல்களில் சரக்கேற்ற மறுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் இருந்த இந்திய மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள். பெருமையான கதைகள். ஆனால் 1878இல் இதே நாட்டின் கப்பல் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தது எதற்காக? நிறுவனம் சீனர்களை வேலைக்கு வைத்ததற்கு எதிராக. வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கைக்குத் தொழிற்சங்கங்கள் பல பத்தாண்டுகள் தூணாக நின்றன. அவர்களும் கூட்டம் போட்டார்கள், கை தூக்கினார்கள், ஒற்றுமையாக மறுத்தார்கள். தங்கள் மனசாட்சி சுத்தம் என்றுதான் அவர்களும் நம்பியிருப்பார்கள்.

ஆகவே ‘மனசாட்சிப்படி மறுத்தோம்’ என்பது மட்டும் போதாது. மறுப்பினால் யாருக்கு நஷ்டம் என்று பார்க்க வேண்டும். 1878இல் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் தங்களைவிட ஏழை. 1971இல் கூலியை இழக்கத் துணிந்தது மறுத்தவர்களே. மன்டியின் சங்கம் இதை ஓரளவு முறையாகவே யோசித்திருந்தது. குடியிருப்பவர்கள் கேட்காமல் தடை இல்லை. உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்காமல் தடை இல்லை. புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்களுக்காகக் கூட்டங்களில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் சங்க நிர்வாகிகளுக்கும் சம்பளம் கிடையாது. பெண்களைக் கட்டட வேலைக்குள் கொண்டுவந்தார்கள். 1973இல் ஒருபாலீர்ப்பாளர் என்பதற்காக மக்குவாரி பல்கலைக்கழக விடுதி ஒன்றிலிருந்து ஒரு மாணவரை வெளியேற்றியபோது அங்கே கட்டுமான வேலையை நிறுத்தினார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் பெண்ணியத் தத்துவப் பாடம் ஒன்றை நடத்த அனுமதி மறுத்தபோதும் அப்படியே. ஒரு தத்துவப் பாடத்துக்காகக் கான்கிரீட் போடுகிறவர்கள் வேலையை நிறுத்தியது உலகத்தில் வேறெங்காவது நடந்திருக்குமா?

‘மக்கள் தேர்ந்தெடுத்த அரசு அனுமதித்ததைச் சங்கம் எப்படித் தடுக்கலாம்’ என்ற கேள்வி அன்றே பத்திரிகைகளில் ஓங்கி ஒலித்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குத் தன் தெரு இடிக்கப்படப் போவதைப் பற்றி அங்கே குடியிருப்பவர் சட்டப்படி வாய்திறக்கப் பெரிதாக வழி எதுவும் இல்லை. அந்த மாநிலத்தில் மரபுச்சின்னங்களுக்கான சட்டம் 1977இலும், திட்டமிடுதலில் மக்கள் கருத்தைக் கேட்க வைத்த சட்டம் 1979இலும் வந்தன. இரண்டுமே பசுமைத் தடைகளுக்குப் பிறகு. வாக்குச்சீட்டு கேட்காமல் விட்ட கேள்வியைத்தான் சங்கம் கேட்டது.

எனக்கு மிகவும் ஆச்சரியமான விஷயம் வேறு. 1973இல், புகழின் உச்சியில், மன்டி பதவியை விட்டு இறங்கினார். தலைவர்கள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நாற்காலியில் இருக்கக் கூடாது, திரும்பப் போய் வேலை பார்க்க வேண்டும் என்று வாதாடியவர் அவர்தான். தானே அதன்படி நடந்தார். நம்மூரில் சங்கத் தலைவர் என்றால் ஆயுள் சந்தா என்று பழகிப்போன கண்ணுக்கு இது நம்ப முடியாததாகத் தெரியும். அதே ஆண்டு அக்டோபரில், ‘தி ராக்ஸ்’ பகுதியில் கருங்காலிகளை வைத்து இடிக்க வந்தபோது அவர் மறியலில் உட்கார்ந்தார். போலீஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகும் படம் இன்றும் பிரபலம்.

*

தி ராக்ஸ் சிட்னித் துறைமுகத்தை ஒட்டிய மிகப் பழைய குடியிருப்பு. துறைமுகக் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும் தலைமுறைகளாக வாழ்ந்த சந்துகள். 1855இல் அங்கே கேரிசன் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த கல்தச்சர்கள்தான் எட்டு மணி நேர வேலைநாளை உலகிலேயே முதலில் வென்றவர்களில் சிலர். அந்தச் சந்துகளை இடித்துவிட்டு வானளாவிய கட்டடங்கள் எழுப்ப அரசு திட்டமிட்டது. சங்கம் தடை போட்டது. இடங்கள் காப்பாற்றப்பட்டன. குடியிருந்தவர்களுக்கு அங்கேயே பொதுக் குடியிருப்பு வேண்டும் என்ற கோரிக்கையின் விளைவாக, 1970களின் இறுதியில் 79 வீடுகள் கொண்ட சிரியஸ் என்ற கட்டடம் எழுந்தது. ஓபரா ஹவுஸை ஜன்னல் வழியே பார்க்கும் இடத்தில் ஏழைகள் குடியேறினார்கள்.

சங்கம் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. 1974இல் நார்ம் கல்லகரின் தலைமையிலான அகில ஆஸ்திரேலியச் சங்கம் மாநிலக் கிளையைக் கைப்பற்ற இறங்கியது. அவரும் கம்யூனிஸ்ட்தான், மாவோவின் வழி. கட்டட முதலாளிகள் அவருக்குத் துணை நின்றார்கள். அவருடைய சங்க அட்டை இருந்தால்தான் வேலை என்றார்கள். சில மாதங்கள் தாக்குப்பிடித்துவிட்டு 1975 மார்ச்சில் மாநிலக் கிளை சரணடைந்தது. மன்டியும் தோழர்களும் சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார்கள். ஒரு தொழிலாளியை இன்னொரு தொழிலாளியால் மாற்றுவது போல, ஒரு சங்கத்தையே இன்னொரு சங்கத்தால் மாற்றிவிட்டார்கள். கல்லகர் பின்னாளில் கட்டட நிறுவனங்களிடம் கையூட்டு பெற்ற வழக்கில் சிறைக்குப் போனார். அந்த 1975 ஜூலையில், விக்டோரியா தெரு வீடுகளைக் காக்கத் தன் சிறுபத்திரிகையில் எழுதிவந்த ஹுவனிடா நீல்சன் காணாமல் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை.

மன்டி அதன் பிறகு நீண்ட காலம் வாழ்ந்தார். 1980களில் சிட்னி நகரசபை உறுப்பினரானார். பிறகு, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் அரசு அறக்கட்டளைக்குத் தலைவரானார். ஒருகாலத்தில் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் போன அதே ராக்ஸில் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இதையெல்லாம் வெற்றி என்றும் சொல்லலாம், விழுங்கிச் செரித்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதே அதிகம் தோன்றுகிறது.

ஏனென்றால் 2010களில் மாநில அரசு சிரியஸை விற்க முடிவு செய்தது. வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்தார்கள். கட்டடத் தொழிலாளர் சங்கம் 2016இல் மறுபடியும் பசுமைத் தடை அறிவித்தது. எண்பது வயதைத் தாண்டிய மன்டி அந்தப் போராட்டத்தோடு நின்றார். கட்டடம் இடிபடவில்லை. அந்த மட்டில் தடை ஜெயித்தது. 2019இல் அதை 15 கோடி டாலருக்கு ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றார்கள். 2020 மே மாதம் தொண்ணூறாவது வயதில் மன்டி இறந்தார்.

இப்போது சிரியஸ் சொகுசு அடுக்குமாடி. அதே கான்கிரீட் பெட்டிகள், அதே ஜன்னல்கள். புதுப்பித்த வேலையை யாரோ சில பெரியாட்கள்தான் செய்திருப்பார்கள்.